கார்த்திகைப்பூக் கொடி சருகாப் போச்சு, கிழங்கு உயிரோட இரிக்குமா?

கிணத்தடி (ஆரையம்பதி):
போன புரட்டாசியில மாமா வாகரைப் பக்கம் பத்தைக்குள்ள கிண்டின கார்த்திகைக் கிழங்கு ரெண்டு கொண்டு வந்து தந்தார். சாடியில நட்டன். கார்த்திகைக் கடைசியில நாலு பூ. பச்சையும் மஞ்சளுமா விரிஞ்சு, நாள் போகப் போகச் செவந்து, பக்கத்து வளவுச் சனமும் பார்க்க வந்தது. தைப்பொங்கல் கழிய இலை மஞ்சளாச்சு. தண்ணி காணாதாக்கும் எண்டு காலையும் பின்னேரமும் ஊத்தினன், ஒரு பிடி யூரியாவும் போட்டன். இப்ப மாசியில தண்டு முழுக்கச் சருகு. ஏறுறதுக்குத் தண்ணிக் குழாய் ஒண்டு நட்டுவிட்டன், அதையும் அது பிடிக்கவே இல்ல. நான் என்ன பிழை விட்டன்?

வெத்திலைக்கொடி (கல்முனை):
பூஞ்சணமாத்தான் இரிக்கும். எங்கட வெத்திலைக்கும் இப்பிடித்தான் வந்த. மருந்து அடிங்க.

படுவான்கரை:
மருந்து வேணாம். பூத்து முடியக் கொடி காயிறது அதுட வழக்கம். மாரி மழைக்கு முளைச்சு, பூத்து, வெயிலுக்குக் கிழங்காக் கிடந்து உறங்கும். பிழை தண்ணிதான். உறங்கிற கிழங்குக்கு ஈரம் நிண்டா அழுகிப் போகும். யூரியா போட்டதும் வீண்.

இப்ப சாடியைச் சரிச்சு, மண்ணைக் கையால தள்ளிப் பாருங்க. மண்வெட்டி வேணாம். கிழங்கு கலப்பை மாதிரி ரெண்டு கையா மடிஞ்சிரிக்கும், அதாலதான் கலப்பைக் கிழங்கு எண்டும் பேர். முளை வாறது அந்தக் கை நுனியில. நுனி முறிஞ்சா அந்தக் கை அவ்வளவுதான். அமத்திப் பார்க்க இறுக்கமா இரிந்தா உயிர் இரிக்கு. கூழாகி நாறினா எறியுங்க.

நல்லதைக் காஞ்ச ஆத்து மணலுக்குள்ள புதைச்சுத் தாவாரத்தில வைங்க. கடற்கரை மணல் உப்பு, அது சரிவராது. புரட்டாசி கடைசியில ரெண்டு மூணு அங்குல ஆழத்தில படுக்கையா நடுங்க. அடிக்கு நிழல், தலைக்கு வெயில்.

குழாயை ஏன் பிடிக்கல்ல? அது இலை நுனியால சுருண்டு பிடிக்கிற கொடி. மெல்லிய சுள்ளி எண்டா பிடிக்கும், மொத்தக் குழாயை அந்த நுனி எப்பிடிக்கா சுத்தும்? காட்டில பத்தைக்கு மேலால ஏறிப் போறத நீங்க பார்த்திரிப்பீங்க.

கிணத்தடி:
கிண்டினன். ஒண்டு கூழ். மற்றது ரெண்டு கையும் இறுக்கமா இரிக்கு, ஆனா பக்கத்தில வெறுந் தோலா சுருங்கின ஒண்டும் ஒட்டிக் கிடக்கு. அதுவும் அழுகலா?

படுவான்கரை:
இல்ல, அதுதான் நீங்க நட்ட பழைய கிழங்கு. வருசா வருசம் தன்னைக் குடுத்துப் புதுசை உண்டாக்கிப்போட்டு அது சுருங்கிரும். நாத்தம் இல்லாட்டிப் பயமில்ல.

வெத்திலைக்கொடி:
அப்ப நான் சொன்னது பிழை, மன்னிக்கணும். காய் விழுந்ததா? விதையும் போடலாமே.

படுவான்கரை:
போடலாம். ஆனா பூப் பார்க்க மூணு நாலு வருசம் ஆகும். கிணத்தடி, கிழங்கை இப்ப எங்க வைச்சிரிக்கீங்க?

கிணத்தடி:
கழுவி, குசினியில வத்தாளங்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில காயப் போட்டிரிக்கன்.

படுவான்கரை:
ஐயோ, உடனே எடுங்ககா! ஆளைக் கொல்லுற நஞ்சு அது. வத்தாளை எண்டு அவிச்சுத் திண்டு ஆசுபத்திரிக்குப் போன ஆக்கள் இரிக்காங்க. தொட்ட கையையும் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க.

கிணத்தடி:
எடுத்திட்டன். அம்மம்மா கூடையில இருந்த வத்தாளை எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் பிரட்டிப் பார்த்துக்கொண்டு இரிக்கா. இண்டைக்கு ராவைக்குப் பாண்தானாம்.