தாத்தா வாசித்த மல்லாரிக்கு வேறு யாரோ உரிமையாளராம், என்ன செய்வது?

ஒத்துக்காரன் (கேள்வி)

வணக்கம். குத்தாலம் பக்கம் ஒரு கிராமம். கல்யாண வீடியோ எடுப்பது தொழில். தாத்தா நாயனக்காரர், ஊர்க் கோயிலுக்கு 40 வருடம் வாசித்தவர். பெரிய பெயரெல்லாம் கிடையாது. ரேடியோவில் வாசித்ததில்லை, கேசட் எதுவும் வெளியானதில்லை. அவர் போய் 18 வருடம் ஆகிறது. சின்ன வயதில் அவருக்கு நான்தான் ஒத்து (நாயனத்துக்குச் சுருதி கொடுக்கிற குழல்) ஊதுவேன். அப்புறம் சுருதிப் பெட்டி வந்தது, எனக்கு வேலை போனது. இங்கே வைத்திருக்கும் பெயருக்குக் காரணம் அதுதான்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது பிஸ்கட் டப்பா ஒன்றில் 7 கேசட் கிடைத்தன. 1987 வைகாசித் திருவிழாவில் மாமா பதிந்தவை. குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தவர், டேப் ரெக்கார்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவாமி புறப்பாட்டில் கூடவே நடந்திருக்கிறார். இரண்டு கேசட்டில் பூஞ்சை. ஒன்றில் நாடாவை அழுத்துகிற குட்டிப் பஞ்சு உதிர்ந்து கிடந்தது. வீட்டிலிருந்த பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டைப் பிரித்து அதன் பஞ்சை எடுத்து ஒட்டினேன். பதிவின் கடைசிப் பத்து நிமிடத்தில் பேட்டரி இறங்கியிருக்க வேண்டும், போட்டுக் கேட்டால் நாயனம் கிறீச்சென்று மேலே ஏறிக்கொண்டே போனது. அதை மட்டும் கம்ப்யூட்டரில் சுருதி இறக்கிச் சரி செய்தேன். மற்றபடி கை வைக்கவில்லை. பலூன்காரன் பீப்பீ, சைக்கிள் பெல், மாமாவின் இருமல் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

52 நிமிடம் வந்தது. தாத்தா படத்தைப் போட்டு வீடியோவாக ஏற்றினேன். மூன்றே மணி நேரத்தில் மெயில். 12:40 முதல் 14:55 வரை உள்ள பகுதிக்கு வேறொருவர் உரிமை கோருகிறாராம். எந்தத் தளம், எந்த நிறுவனம் என்று பெயர் போட வேண்டாமென்று மனைவி சொல்லிவிட்டாள், அதனால் விடுகிறேன். அந்த 2 நிமிடமும் என்னவென்று பார்த்தால் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி.

மல்லாரிக்குச் சாகித்தியமே, அதாவது பாட்டு வரிகளே, கிடையாது. சுவாமி புறப்படும்போது வாசிப்பது. கல்யாண வீட்டில் யாராவது "ஒரு மல்லாரி போடுங்களேன்" என்று கேட்டால் தாத்தா சீவாளியைக் கழற்றி வைத்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். அதற்கு ஒரு கம்பெனி உரிமையாளர்!

வீடியோவைத் தூக்கவில்லை, ஓடுகிறது. விளம்பரம் வந்தால் காசு அவர்களுக்கு. போகட்டும், என் சேனலுக்கு 412 பேர்தான் சந்தா, காசு பார்க்கிற தகுதியே இல்லை. ஆனால் வீடியோவுக்குக் கீழே ஏதோ ஓர் ஆல்பத்தின் பெயரும் முன்பின் தெரியாத ஒரு வித்வானின் பெயரும் தானாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. சென்னையிலிருந்து அத்தை போன். "ஏண்டா, அப்பா வாசித்ததுக்கு யார் பேரையோ போட்டிருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?" நான் போடவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

எதிர்த்து எழுதினால் சேனலே போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? தாத்தா வாசித்தது தாத்தா வாசித்ததுதான் என்பதற்கு என்னிடம் கேசட்டைத் தவிர என்ன ஆதாரம் இருக்கிறது?


சட்டப்புத்தகம் (பதில்)

முதலில் பயத்தை விடுங்கள். எல்லாத் தளத்திலும் விதி ஒன்றாக இருக்காது. யூடியூபை வைத்துச் சொல்கிறேன். அங்கே உரிமைகோரல் வேறு, ஸ்ட்ரைக் (சேனல் மேலேயே விழும் எச்சரிக்கை) வேறு. 2007 முதல் கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் பதிவுகளோடு புதிதாக ஏறும் ஒவ்வொன்றையும் இயந்திரம் ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் கோரல் விழும். அதனால் சேனலுக்கு ஆபத்து கிடையாது. நீங்கள் மறுத்து எழுதினால் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள். சும்மா இருந்தால் கோரல் காலாவதி. இல்லை, எங்களுடையதுதான் என்றால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு 7 நாள். அதற்கப்புறமும் விடாப்பிடியாக நின்றால் வீடியோவை நீக்கச் சொல்லி முறையாக அவர்கள் கேட்க வேண்டும். ஸ்ட்ரைக் விழுவது அப்போதுதான். 90 நாளுக்குள் 3 விழுந்தால்தான் சேனல் போகும்.

சட்டத்துக்கு வருவோம். நம்முடையது 1957 பதிப்புரிமைச் சட்டம். இசையமைப்பு, அதன் ஒலிப்பதிவு, வாசித்தவர் என்று மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. மெட்டு பரம்பரையாக வருவது, அதில் யாருக்கும் உரிமை இல்லை. தியாகராஜர் கீர்த்தனையாகவே இருந்தாலும் அவர் மறைந்தது 1847, இயற்றியவர் இறந்து 60 ஆண்டு என்ற கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. (அந்த 60 முன்பு 50 ஆக இருந்தது. 1941 இல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்கு 1991 உடன் உரிமை முடிய இருந்ததால் 1992 இல் பத்து ஆண்டு கூட்டினார்கள்.)

ஒலிப்பதிவு யாருக்கு? முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிந்தவரைத்தான் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. அதாவது உங்கள் மாமா. தாத்தா இல்லை. வாசிப்பவர்களுக்கென்று நம் சட்டத்தில் உரிமை வந்ததே 1994 திருத்தத்தில்தான், அதுவும் 25 ஆண்டுக்கு. 1999 இல் அதை 50 ஆக்கினார்கள். 1987 இல் தெருவில் நின்று வாசித்தவருக்கு ஏட்டில் ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது.

கோரலைத் திறந்து பாருங்கள். ஒலிப்பதிவு என்று இருக்கிறதா, மெலடி என்று இருக்கிறதா? வெறும் மெட்டை வைத்துக் கேட்கிறார்கள் என்றால் உங்கள் வேலை சுலபம்.


இணுவில் பெடியன் (பதில்)

அண்ணை, எங்கட பக்கமும் இதே கதைதான். போன வருசம் கோயில் கொடியேற்றத்தை நேரலை விட்டோம். மேளம் உச்சத்துக்குப் போகேக்க சத்தம் மட்டும் நிண்டுபோச்சு. டொரன்டோவில இருந்து அம்மம்மா போன் எடுத்து "தவில்காரருக்குச் சம்பளம் குடுக்கேல்லையோ" எண்டு கேக்கிறா.

இஞ்ச இலங்கையில 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டப்படி இயற்றியவர் இறந்து 70 வருசம். அறுபதோ எழுபதோ, மல்லாரிக்கு எந்தக் கணக்கு? ஒரு வழி சொல்லுறன். மூலப் பதிவை இன்டர்நெட் ஆர்கைவிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கோ. எங்கட 'நூலகம்' இணையத்தள ஆக்கள் 2005 இல இருந்து இப்பிடித்தான் நூலும் பத்திரிகையும் சேர்த்து வைக்கினம். ஒரே இடத்தை நம்பி இருந்தால் கஷ்டம்.


பதிவறை (பதில்)

நான் எதிர்க்கட்சி. இசை நிறுவனம் ஒன்றில் உரிமைப் பிரிவில் 7 வருடம் இருந்தேன். திட்டுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். எப்போதோ மூடிய கேசட் கம்பெனியின் சரக்கை ஒருவர் மொத்தமாக வாங்குவார். ஹார்ட் டிஸ்க்கும் ஓர் எக்செல் தாளும் வரும். அதில் "மல்லாரி, ராகம் கம்பீரநாட்டை, இயற்றியவர் பாரம்பரியம்" என்று ஒரு வரி. இந்த மாதிரி வரிகளை மெட்டுக் கோரலுக்குக் கொடுக்கக் கூடாது, எடுத்துவிட வேண்டும். நாலாயிரம் வரியில் யார் உட்கார்ந்து எடுப்பது? மொத்தமாக ஏற்றிவிடுவார்கள். உங்கள் வீடியோ மேல் கோரல் விழுந்தது அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் மறுத்து எழுதினால்தான் முதன்முதலாக ஒரு மனுஷர் அதைத் திறந்து பார்ப்பார். அவருக்கு அன்றைக்கு அதைப் போல 60 வந்திருக்கும். சுருக்கமாக, எரிச்சல் இல்லாமல் எழுதுங்கள்.

இயந்திரமே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் காசு போட்டுப் பதிந்த கச்சேரிகளை அட்டைப் படத்தோடு தூக்கி ஏற்றி விளம்பரக் காசு பார்த்தவர்களைக் கையால் பிடிக்கவே முடியாது. ஒருவனை நீக்கினால் மறுநாள் வேறு பெயரில் வருவான்.

அப்புறம் ஒன்று. உங்கள் கேள்வியை இரண்டு தரம் படித்தேன். தவில் யார்? புறப்பாட்டு மல்லாரியில் பாதி தவில்தானே. வாசித்தவர் பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் போட்டார்கள் என்பதுதான் உங்கள் வருத்தம். நீங்கள் வீடியோவில் யார் யார் பெயரைப் போட்டிருக்கிறீர்கள்?


ஒத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பதிவறை சார், நீங்கள் கேட்டது சுருக்கென்று குத்தியது. தாத்தா பெயர் மட்டும்தான் போட்டிருந்தேன்.

சட்டப்புத்தகம் ஐயா, கோரலில் மெலடி என்றுதான் இருக்கிறது. தாத்தா வாசித்தது நரசிங்கன்பேட்டை நாயனம். அதற்கு 2022 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்த ஊருக்கு உரிமை இருக்கிறது, அதை ஊதினவருக்கு இல்லை என்கிறீர்கள். சரி, நீங்கள் என்ன செய்வீர்கள், சட்டம் அப்படி. மாமாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு 74 வயது. "அப்ப நான்தான் ஓனரா? எனக்கு எவ்வளவு வரும்?" என்றார். உன் அத்தையிடம் சொல்லாதே என்று வேறு.

மறுப்பு எழுதிவிட்டேன். மூன்றே வரி. மல்லாரி பரம்பரை இசை, இயற்றியவர் என்று யாருமில்லை. பதிந்தவர் என் மாமா, கேசட் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது வரிக்காகத்தான் ஒரு ராத்திரி முழுக்க ஹெட்போன் போட்டு உட்கார்ந்தேன். சரியாக 13:02 இல் அதிர்வேட்டு ஒன்று வெடிக்கிறது. தாத்தா அரை அட்சரம் தடுமாறுகிறார், தவில்காரர் ஒரு சொல்லைக் கூடப் போட்டு இழுத்துப் பிடிக்கிறார், தாத்தா மறுபடி சேர்ந்துகொள்கிறார். "உங்கள் ஆல்பத்தில் இந்த இடத்தில் வேட்டு வெடிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கவும்" என்று எழுதினேன். எரிச்சல் இல்லாமல்தான் எழுதினேன், நம்புங்கள்.

தவில் வாசித்தவர் பக்கத்து ஊர்க்காரர், அவரும் இல்லை. பையன் மினி பஸ் ஓட்டுகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பார்க்கப் போகிறேன்.


சட்டப்புத்தகம்

வேட்டு நல்ல சாட்சி. கேசட்டையும் மாமா கையால் எழுதிய அட்டையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மாமாவிடம் இதை ஏற்றச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். ஓனர் என்று தெரிந்துவிட்டதல்லவா, இனிமேல் அவரும் கோரல் போடலாம்.


ஒத்துக்காரன் (24 நாள் கழித்து)

கோரல் விலகிவிட்டது. ஒரு வரி மெயில், மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. ஆல்பம் பெயரும் அந்த வித்வான் பெயரும் காணோம். அத்தையிடம் சொன்னேன், "இப்பவாவது சரி பண்ணினியே" என்றார்.

தவில்காரர் மகனைப் போன ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். வண்டி கிளம்ப 20 நிமிடம் இருந்தது. யாருடைய உரிமை, யாரிடம் சம்மதம் என்றெல்லாம் வழியெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு போனவன் நான். அவர் எதையும் கேட்கவில்லை. "அப்பா வாசிச்சது இருக்கா? எங்க வீட்டுல ஒரு போட்டோகூட இல்லீங்க" என்றார். டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டார். ஸ்டியரிங்கில் விரல் தாளம் போட்டது. வேட்டு வெடிக்கிற இடம் வந்ததும் சிரித்தார். பின்னாலிருந்து ஓர் அம்மா "வண்டி எடுக்கறியாப்பா இல்லியா" என்று சத்தம் போட்டும் காதில் வாங்கவில்லை.

அவர் அப்பா பெயரை வீடியோவில் சேர்த்துவிட்டு அவருக்கு அனுப்பினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். 31 ஆவது நிமிடத்திலிருந்து வாசிப்பது அப்பா இல்லையாம், அவருடைய சித்தப்பாவாம். வலந்தலையில் விழுகிற அடியை வைத்தே சொல்லிவிடலாமாம். திருவிழாவுக்கு இரண்டு தவில் வந்திருக்கிறார்கள், மாமாவுக்கு அது ஞாபகமே இல்லை.

விவரத்தை மறுபடி மாற்ற வேண்டும். சித்தப்பாவின் முழுப் பெயர் தெரியவில்லை, நாளைக்கு அவர் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.