பரோலோ 2016: மணமே வரமாட்டேங்குது

இத்தாலி பியெமோந்தேவில் செர்ராலுங்கா தால்பா கிராமத்துப் பரோலோ சிவப்பு ஒயின், 2016 விளைச்சல், முழுக்க நெபியோலோ திராட்சை. டேனின் (துவர்ப்பைத் தரும் பொருள்) ஈறையே இழுத்துப் பிடிக்குது. ரோஜா, செர்ரி மணம் மேலே வரவே இல்லை. பாட்டில்கள் 13 டிகிரியில் படுக்கவைத்தே இருந்தவை.

ஒரு பாட்டிலை டிகாண்டரில் (ஒயினைக் காற்றாட ஊற்றிவைக்கும் அகலமான குடுவை) 4 மணி நேரம் விட்டு, 17 டிகிரியில் ஊற்றியாச்சு: துவர்ப்பு அப்படியே. அடுத்ததில் கார்க்கை மட்டும் எடுத்து ராத்திரி முழுக்க வைத்தும் அதே கதை (அந்தக் குறுகிய கழுத்தில் எவ்வளவு காற்றுதான் போகும்!). கொழுப்புள்ள மாட்டிறைச்சியோடு குடித்தால்தான் கொஞ்சம் அடங்குது.

கார்க் கெட்டால் வரும் ஈர அட்டைப்பெட்டி வாடை இல்லை. அந்த வாடைக்குக் காரணமான டிசிஏ என்ற வேதிப்பொருள் லேசாக இருந்தால் வாடையே தெரியாமல் பழ மணத்தை அமுக்கும்தான்; ஆனால் ரெண்டு பாட்டிலிலும் ஒரே மாதிரி என்பதால் அது இருக்காது.

செர்ராலுங்கா 2016 சமீபத்தில் திறந்தவங்க சொல்லுங்க: மிச்சத்தை இன்னும் எத்தனை வருஷம் தொடாமல் வைக்கலாம்?