ஒரு கோப்பு, இரண்டு பெயர்

ஜார்ஜ் டவுனிலிருந்து:

லினக்ஸ் கணினியில் நகல் எடுத்ததாக நினைத்து நான் ஏமாந்த கதை இது. தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்தபோது நடந்தது. தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நாங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலின் நன்கொடைக் கணக்கு என் மடிக்கணினியில்தான் இருந்தது. யார் எத்தனை ரிங்கிட் கொடுத்தார், யார் அரிசி மூட்டை தருவதாகச் சொன்னார் என்று அறுநூற்றுச் சொச்சம் வரிகள், ஓர் எழுத்துக் கோப்பில். ரசீதுப் படங்கள் தனி.

கணக்கில் கைவைக்கும் முன் ஒரு நகல் எடுக்க நினைத்தேன். வட்டு நிரம்பிக் கிடந்தது. நகலெடுக்கும் கட்டளையான சிபி போட்டால் இடம் போதாது என்று, எங்கோ படித்த நினைவில் எல்லாக் கோப்புகளுக்கும் எல்என் என்ற கட்டளை போட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. கிழட்டு வட்டு இவ்வளவு வேகமாக எழுதுமா என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு பட்டியலை அகர வரிசைப்படுத்த சார்ட் கட்டளை கொடுத்து, விடையை அதே கோப்பின் பெயருக்கே திருப்பிவிட்டேன். நாம் தரும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து காலி செய்துவிட்டுத்தான் சார்ட்டை ஓடவிடும். பட்டியல் பூஜ்ஜியம் பைட். பதறவில்லை, நகல்தான் இருக்கிறதே! திறந்தேன். அதுவும் பூஜ்ஜியம்.

எல்என் நகல் எதையும் எடுக்கவில்லை; இருந்த ஐநோடுக்கே, அதாவது வட்டில் அந்தக் கோப்புக்கு உள்ள பதிவுக்கே, இன்னொரு பெயர் சூட்டியிருக்கிறது. அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். எந்தப் பெயரைச் சொல்லி அடித்தாலும் அடி விழுவது ஒரே முதுகில்தான். வேடிக்கை என்னவென்றால், ஆர்எம் போட்டு அந்தப் பட்டியலை நான் அழித்தே இருந்தாலும் மற்றொரு பெயர் அதைக் காப்பாற்றியிருக்கும். நான் அழிக்கவில்லை, காலி செய்தேன். வெளி வட்டுக்கு எல்என் போட்டிருந்தால் லினக்ஸே மறுத்திருக்கும். ஹார்ட் லிங்க் எனப்படும் இந்த இன்னொரு பெயர் ஒரு கோப்பு முறைமையைத் தாண்டாது.

பொருளாளர் அண்ணன் எல்லாவற்றையும் நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். "கணினி இருக்கும்போது இது எதற்கு அண்ணே?" என்று அவரைக் கேலி செய்தவன் நான்தான். இரண்டு இரவு அவர் தே தாரிக் குடித்தபடி வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பட்டர்வொர்த்திலிருந்து:

எனக்கு நேர்மாறாக நடந்தது. ஹார்ட் லிங்க் போட்ட கோப்பை, வாசகத்தை மாற்றும் செட் கட்டளையின் மைனஸ் ஐ கொண்டு திருத்தினேன். மற்றொரு பெயரில் பழைய வாசகமே இருந்தது. செட் புதிய கோப்பு ஒன்றை எழுதி, பழைய பெயரை அதற்குக் கொடுத்துவிடுகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் மைனஸ் எல்ஐ போட்டால் ஐநோடு எண்கள் இரண்டும் வேறாகியிருப்பது தெரியும்.

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து:

என்னைக் கவிழ்த்தது எல்என் மைனஸ் எஸ். தங்கையின் திருமணப் படங்களில் ஆல்பத்துக்கானவற்றைப் பொறுக்கி, ஒரு கோப்புறையில் அந்தக் கட்டளையால் சிம்பாலிக் லிங்க் எனும் சுட்டிகளாகச் சேர்த்தேன். அந்தக் கோப்புறையை, முழுக் கோப்புறையையும் நகலெடுக்கும் சிபி மைனஸ் ஆர் போட்டு வெளி வட்டுக்கு அனுப்பினேன். ஆல்பம் வடிவமைக்கும் நண்பர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார், அவரும் லினக்ஸ்தான். மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து போய் வட்டைச் செருகினால், பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன, ஒன்றுகூடத் திறக்கவில்லை. சிம்பாலிக் லிங்க்குக்குள் இருப்பது பாதை மட்டுமே. அந்தப் பாதை என் வீட்டுக் கணினியில்தான் செல்லுபடியாகும். சிபி மைனஸ் ஆர் உடன் பெரிய எல் எழுத்தையும் சேர்த்திருந்தால் படங்களே வந்திருக்கும்.

நண்பர் திரையைப் பார்த்துவிட்டு, "பெயர்களை மட்டும் ஆல்பமாகப் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார்.