ஆயாவின் பவுனும் முப்பது மடங்கு லென்ஸும்

(டர்பன், சாட்ஸ்வர்த்)

பழைய காசு பார்க்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆயா கழுத்தில் ஒரு பவுன் காசு தொங்கும். கிளேர்வுட் வீட்டைக் காலி செய்து இங்கே வந்த நாளிலும் அதைக் கழற்றவில்லையாம். ஆயா போன பிறகு அம்மா அதை என் கையில் கொடுத்தார். ஐந்தாம் ஜார்ஜ் தலை, 1928. அந்த வருடம் பவுன் அடித்தது மூன்றே நாணயச் சாலைகள்: மெல்போர்ன், பெர்த், நம் பிரிட்டோரியா. எந்தச் சாலை என்பதை, காசின் பின்பக்கம் ஆண்டுக்கு மேலே, குதிரை நிற்கும் தரையில் உள்ள பொடி எழுத்துதான் சொல்லும். மெல்போர்ன் காசு மற்ற இரண்டையும்விட அரிது. அதனால் எனக்குப் பரபரப்பு.

பெரிய எண் என்றால் நன்றாகத் தெரியும் என்று நினைத்து, 30 மடங்கு பெரிதாக்கும் என்று போட்ட மலிவு லென்ஸ் ஒன்றை வாங்கினேன். 30 மடங்கு என்றால் காசு லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். என் விரலும் லென்ஸுமே வெளிச்சத்தை மறைத்துவிடும். ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கலங்கிற்று. எழுத்து இருப்பது தெரிந்தது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன்.

கோவிலில் பழக்கமான ஒரு மாமா நாற்பது வருடமாகக் காசு சேர்ப்பவர். அவரிடம் கொண்டுபோனேன். லென்ஸையே எடுக்கவில்லை அவர். முதலில் வெறும் கண்ணால், விளிம்பைப் பிடித்து, விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு 5 மடங்கு லென்ஸ். அதில் காசு முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. கடைசியில்தான் 10 மடங்கு. மூன்று கண்ணாடி ஒட்டிச் செய்த டிரிப்ளெட் அது, நிறமும் சிதறாது, ஓரமும் வளையாது. "லென்ஸைக் கண்ணோடு சேர்த்துப் பிடி கண்ணு, காசை மெல்ல மேலே கொண்டுவா" என்றார். ஓர் அங்குல தூரத்தில் பளிச்சென்று நின்றது: எஸ், ஏ. சவுத் ஆப்பிரிக்கா, அதாவது பிரிட்டோரியா.

மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்த தடத்தையும் காட்டினார். அந்த இடத்தில் பொன்னின் நிறமே வேறு. சேகரிப்பவர் விலை அதோடு போயிற்று. தங்கத்தின் விலை அப்படியே இருக்கிறது. எனக்கு வருத்தமில்லை. ஆயா போட்டிருந்த தடம்தானே அது.

(பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அண்ணே, வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அப்பா வைத்திருந்த 1947 ஐந்து ஷில்லிங் வெள்ளி, பிரிட்டிஷ் ராஜா குடும்பம் தென்னாப்பிரிக்கா வந்தபோது அடித்தது, பின்னால் ஸ்பிரிங்பொக் மான். குத்துவிளக்கு துலக்கும் கையோடு அம்மா அதையும் விபூதி போட்டுத் துலக்கிவிட்டார். வெறும் கண்ணுக்குக் கண்ணாடி போல மின்னியது. லென்ஸைச் சுற்றி வட்டமாக எரியும் எல்.இ.டி விளக்கிலும் குறை தெரியவில்லை, நாலா பக்கமும் வெளிச்சம் விழுந்தால் நிழலே கிடையாதே. மேசை விளக்கு ஒன்றை மட்டும் பக்கவாட்டில் வைத்து 7 மடங்கில் பார்த்தேன். மயிரிழை மாதிரி கோடுகள், எல்லாம் ஒரே திசையில். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து விளக்கு இல்லாத லென்ஸைத்தான் வாங்குகிறேன்.

(ஃபீனிக்ஸ்)

10 மடங்கு வாங்கப் பணம் சேரும்வரை 5 மடங்கே போதும், தம்பி. 1892 குரூகர் பவுனுக்கு (போயர் குடியரசுத் தலைவர் குரூகரின் தலை போட்ட தங்கக் காசு) அச்சு செதுக்கியவர் பெர்லின்காரர். அதன் பின்பக்கம் ஒரு வண்டி இருக்கும். போயர்கள், அதாவது இங்கே குடியேறிய டச்சு வழி விவசாயிகள், ஓட்டிய வண்டிக்கு ஏர்க்கால் (மாடு பூட்டும் நீளக் கட்டை) ஒன்றுதான். அவர் இரண்டு போட்டுவிட்டார். பிறகு திருத்தி ஒற்றை ஏர்க்காலோடும் அடித்தார்கள். அதைப் பிரித்தறிய என் 5 மடங்கு லென்ஸில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.