லேப் ரிப்போர்ட்டில் வர்ற ‘ஃபாஸ்ட்’ எந்த ஃபாஸ்ட்?

பனியன்_ஊர்_புதுசு:
திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இப்பத்தான் சேர்ந்திருக்கேன். லேப் ரிப்போர்ட்ல ‘கலர் ஃபாஸ்ட்னஸ் டு ரப்பிங்: டிரை 4, வெட் 2-3’னு வந்திருக்கு. பையர் வெட் 3 கேக்கறார். நம்பர் ஏறினா சாயம் வேகமாப் போகுதுன்னு அர்த்தமா? ஃபாஸ்ட் பௌலர் தெரியும், ஃபாஸ்ட் பாசஞ்சர் தெரியும். விரதத்தையும் ஃபாஸ்ட்ங்கறாங்க. இது எதுல சேர்த்தி?

சாயக்காரன்:
வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல கண்ணு. இங்க ஃபாஸ்ட்னா சாயம் துணியில கெட்டியா நிக்குதுன்னு அர்த்தம். 5 சுத்தம், 1 மோசம். கிராக்மீட்டர்ங்கற தேய்ப்புக் கருவியோட விரல்ல வெள்ளைத் துணியை மாட்டி, சாயத் துணி மேல முன்னும் பின்னுமா 10 தடவை தேய்ப்பாங்க. வெள்ளையில ஏறின கறையை கிரே ஸ்கேல்ங்கற சாம்பல் நிற அளவு அட்டை பக்கத்துல வெச்சு நம்பர் போடுவாங்க. வெயிலுக்குப் பாக்கற ப்ளூ வுல் (நீலக் கம்பளித் துணியோட ஒப்பிடற) கணக்கு மட்டும் 8 வரைக்கும் போகும். அதனால ‘லைட் 5’னு பார்த்து முழு மார்க்குன்னு துள்ளிடாத.

உன் துணி நேவியோ கருப்போவா இருக்கணும். ரியாக்டிவ் சாயம் பருத்தியோட வேதிப்பிணைப்பாவே சேர்ந்துக்கும். ஆனா ஒரு பங்கு தண்ணியோட வினைபுரிஞ்சு வீணாப்போய், எதுலயும் பிடிக்காம நூல் மேல சும்மா உக்காந்திருக்கும். சோப்பிங்ல, அதாவது சாயம் போட்டப்புறம் சூடான சோப்புத் தண்ணியில அலசறப்ப, அதைக் கழுவி எடுக்கலேன்னா, ஈரக்கை பட்டதும் இறங்கி வரும். டிரை 4 வந்தும் வெட் விழறதுக்கு முதல்ல அங்கதான் பாக்கணும். சோப்பிங் எத்தனை சூட்டுல, எத்தனை பாத் (எத்தனை தடவை தண்ணி மாத்தி) போட்டாங்கன்னு டையிங்ல (சாயப்பட்டறையில) கேளு. வெறும் ‘ஃபாஸ்ட் கலர்’னு ஆர்டர்ல எழுதினா ஒத்துக்காத. எந்த டெஸ்ட், எந்த நம்பர்னு எழுதி வாங்கிக்கோ.

(1960கள்ல அமெரிக்காவுல நம்ம கட்டம் போட்ட துணியை ‘ப்ளீடிங் மெட்ராஸ்’னு, சாயம் இறங்கறதையே பெருமையாச் சொல்லி வித்தாங்க. உங்க பையர்கிட்ட அந்தக் கதை எடுபடாது!)

சாக்பீஸ்:
இங்கிலீஷ் வாத்தியார் வேலை பார்த்தவன், குறுக்கிடறேன். சாயக்காரர் சொல்ற அர்த்தம்தான் மூத்தது. பழைய ஆங்கிலத்துல ஃபாஸ்ட்னா அசையாம உறுதியா நிக்கறது. ஸ்டெட்ஃபாஸ்ட், ஃபாஸ்ட் அஸ்லீப் எல்லாம் அந்தக் கிளை. நோன்பும் அதே வேர்தான், விடாப்பிடியா நியமத்தைப் பிடிக்கறது. விடாம, முழு மூச்சா ஓடறதுன்னு ஆகி, அப்புறம்தான் வேகம் வந்துச்சு. தமிழ்ல ‘கடு’வைப் பாருங்க. கடுமையும் அதுல இருக்கு, கடுகி வர்றதும் அதுல இருக்கு. சங்கப் பாட்டுல கடும்பரிப் புரவின்னா வேகமாப் பாயற குதிரை.

கேமரா_பைத்தியம்:
எங்க பக்கம் எஃப் 1.4 லென்ஸை ஃபாஸ்ட் லென்ஸ்னுவோம். லென்ஸ் ஒண்ணும் ஓடறதில்ல. வெளிச்சத்தை நிறைய உள்ள விடும், அதனால கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்துலயும் ஷட்டரை வேகமா வைக்கலாம்.

பனியன்_ஊர்_புதுசு:
நேவியேதாங்கண்ணா! டையிங்ல கேட்டேன், இன்னொரு சோப்பிங் போட்டு சாம்பிள் தர்றேன்னாங்க.

சாயக்காரன்:
சாம்பிள்ல மட்டும் போட்டுட்டு பல்க்ல (மொத்த ஆர்டர் துணியில) விட்டுடுவாங்க. பல்க் லாட்ல இருந்தே துணி வெட்டி லேபுக்கு அனுப்பு.