பல் நரம்ப உயிரோட காப்பாத்துற மருந்த டெஸ்ட் பண்ணவங்க, போட்டுக்கிட்டவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். எம்டிஎஸ்ல, அதான் பல் மருத்துவ மேல்படிப்புல, கன்சர்வேட்டிவ்னு பல்ல எடுக்காம காப்பாத்துற பிரிவு படிச்சேன், தீசிஸ் பூரா பல்ப் கேப்பிங்தான். சொத்தைய எடுக்கும்போது உள்ள நரம்பு லேசா தெரிஞ்சிருச்சுன்னா நேரா ரூட் கெனாலுக்கு போகாம, அந்த இடத்துல மருந்து வச்சு மூடி பல்ப்ப, அதாவது உள்ள இருக்கிற நரம்புத் திசுவ, உயிரோட விடுறது. 1920ல ஹெர்மன் கொண்டுவந்த கால்சியம் ஹைட்ராக்சைடு, 1993ல கலிஃபோர்னியா லோமா லிண்டால இருந்து டொராபினெஜாட் குழு வெளியிட்ட எம்டிஏங்கிற சிமென்ட், அதுக்கப்புறம் அதே மாதிரி பயோடென்டின்னு இன்னொரு சிமென்ட். புதுசா எது வந்தாலும் இதுங்க கூடத்தான் வச்சுப் பாக்கணும்.

ஞானப்பல் எடுக்கப் போறோம்னு ஓரல் சர்ஜரில இருந்து போன் வந்தா ஐஸ் பாக்ஸ தூக்கிட்டு ஓடுவேன். பல்ல ஆன்டிபயாடிக் கலந்த மீடியத்துல போட்டு லேபுக்கு கொண்டுவந்து பிளந்தா உள்ள செவப்பா நூல் மாதிரி கொஞ்சூண்டு திசு இருக்கும், அத பொடிசா வெட்டி என்சைம்ல கரைச்சு செல் வளக்கணும், அதுவும் வாயில இருந்து வந்த பல்லு, ஒரு ஃபிளாஸ்க்ல கிருமி வந்துட்டா அந்த பேட்ச் மொத்தமும் குப்பைக்குத்தான். அதுக்கப்புறம் அந்த செல் மேல மருந்த விட்டு, செல் பொழைச்சிருக்கான்னு பாக்கிற எம்டிடி டெஸ்ட், உயிரோட இருந்தா மஞ்சள் ஊதாவா மாறும். கால்சியம் படியுதான்னு பாக்க அலிசரின் ரெட்னு ஒரு சாயம்.

இங்க ஒரு விஷயம் ஜூனியர்ஸ் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். அப்பதான் கலந்த எம்டிஏவோட பிஹெச் 12 பக்கம் போகும், அதாவது கடுமையான காரம், அத ஊறவச்ச திரவத்த நீர்க்க வைக்காம ஊத்துனா லேப் டிஷ்ல செல் செத்துப்போகும். ஆனா பல்லுக்குள்ள அதே காரம் மேல ஒரு மெல்லிசான லேயர மட்டும் பாதிக்கும், அதுக்கு கீழ இருந்து ஆறிட்டு வந்து புது டென்டின், அதாவது பல்லோட உள் கடினப் பகுதி, உருவாகும். ரத்த ஓட்டம் இருக்கு, திசுவே காரத்த தணிச்சிரும், டிஷ்ல அதெல்லாம் கிடையாது. அதனால எம்டிடில ஜெயிச்ச மெட்டீரியல்தான் பெஸ்ட்னு ஒரு பேப்பர் சொன்னா நான் அத வச்சு மட்டும் நம்ப மாட்டேன்.

மனுஷங்க கிட்ட டெஸ்ட் பண்றப்ப பெரும்பாலும் கம்பி போடுறதுக்காக எப்படியும் எடுக்கப் போற நல்ல பிரீமோலார்ல (முன்கடைவாய்ப் பல்லுல) பண்ணுவாங்க. நரம்ப தொறந்து மருந்து வச்சு மூடி, 6-8 வாரம் கழிச்சு பல்ல எடுத்து ஸ்லைஸ் போட்டு தொறந்த இடத்த மூடுற டென்டின் பிரிட்ஜ் முழுசா வந்திருக்கா, நடுவுல ஓட்டை இருக்கா, வீக்கம் இருக்கான்னு மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க. எனக்கு பெரிய கவலையே இதுதான். நம்மகிட்ட வர்ற பேஷன்ட்டுக்கு நல்ல பல்லா இருக்கு? மாசக்கணக்கா சொத்தை, உள்ள கிருமி, நரம்பு ஏற்கெனவே வீங்கி இருக்கு. 1965லயே ககெஹாஷி குழு எலில காட்டிட்டாங்க, கிருமியே இல்லாம வளத்த எலிக்கு தொறந்த நரம்பு தானா ஆறிச்சு, சாதாரண எலிக்கு அழுகிப்போச்சு. அப்ப புது மெட்டீரியல சொத்தைப் பல்லுல டெஸ்ட் பண்ணாம எப்படி முடிவு சொல்றது?

—

டாக்டர் சொன்னது நூத்துக்கு நூறு. நான் தென்காசி பக்கம் கிளினிக் வச்சிருக்கேன். பழைய எம்டிஏ செட் ஆக கிட்டத்தட்ட 3 மணி நேரம், ஈரப் பஞ்சு வச்சு டெம்பரரி போட்டு இன்னொரு நாள் வாங்கன்னா வலி நின்னுட்டா நம்ம ஆளுங்க வரமாட்டாங்க, விதைப்பு நேரம்னா கேக்கவே வேணாம், டெம்பரரி பேந்து கிருமி உள்ள போயி கடைசில ரூட் கெனால்தான். பயோடென்டின் 12 நிமிஷத்துல செட் ஆகுறது எனக்கு லேப் ரிசல்ட் எல்லாத்தயும் விட பெரிசு. அப்புறம் கலரு. ஒரு சின்னப் பொண்ணு கீழ விழுந்து முன்பல் உடைஞ்சு வந்துச்சு, எம்டிஏ வச்சேன், நரம்பு ஜம்முனு இருக்கு ஆனா பல்லு சாம்பல் கலராயிருச்சு, அதுல இருக்கிற பிஸ்மத் ஆக்சைடு பண்ற வேலை. அந்தப் புள்ள வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறத பாக்க மனசு கேக்கல. டெஸ்ட் பண்றவங்க தயவுசெஞ்சு ஒரு வருஷம் கழிச்சு பல்லு என்ன கலர்ல இருக்குன்னும் எழுதுங்க.

நரம்பு எந்த நிலையில இருக்குன்னு பாக்க நான் நம்புறது ரத்தத்தத்தான். ஹைப்போகுளோரைட் நனைச்ச பஞ்ச வச்சு அஞ்சு பத்து நிமிஷத்துல நின்னா மருந்து வைப்பேன், நிக்கலைன்னா இன்னும் கொஞ்சம் பல்ப்ப எடுத்துட்டு பாப்பேன்.

—

நான் டாக்டர் இல்ல, பல்லு குடுத்தவ. காலேஜ் படிக்கிறப்ப கம்பி போட நாலு பல்லு எடுக்கணும்னாங்க, அதுல ரெண்டுல மருந்து வச்சு டெஸ்ட் பண்ணலாமான்னு கேட்டாங்க. தமிழ்லயே ஃபார்ம், வேணாம்னா எப்ப வேணா விலகலாம்னு இருந்துச்சு, அம்மா ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் சரின்னாங்க. மரத்துப்போற ஊசிதான் வலி, அப்புறம் ஐஸ் வாட்டர் குடிச்சா ரெண்டு நாள் கூசுச்சு, அவ்ளோதான். பல்ல எடுத்தப்புறம் டெஸ்ட் பண்ண அந்த பிஜி படிக்கிற அக்கா மைக்ரோஸ்கோப்ல என் பல்லையே காட்டுனாங்க, புதுசா வந்த டென்டின் ரோஸ் கலர்ல ஒரு கோடா தெரிஞ்சுது. பல்லு குடுக்கிற எல்லாருக்கும் ரிசல்ட்ட இப்படி கூப்பிட்டு காட்டுங்க ப்ளீஸ்.

—

காட்டணும்மா, கண்டிப்பா காட்டணும். உங்கள மாதிரி ஆளுங்க இல்லாம இதுல ஒரு அடி நகர முடியாது. தென்காசி சார், கலர் பாயின்ட்ட எங்க டிபார்ட்மென்ட் ஜூனியர்ஸ்க்கு அனுப்பிட்டேன். 2017ல லண்டன் கிங்ஸ் காலேஜ்ல டைடெக்ளூசிப்னு ஒரு மருந்த கொலாஜன் ஸ்பான்ஜ்ல நனைச்சு எலிப் பல்லுல வச்சு டென்டின் வளர வச்சாங்க, அது நியூஸ்ல வந்ததுல இருந்து பேஷன்ட்ஸ் எப்ப வரும்னு கேக்கிறாங்க, எலில இருந்து சொத்தை வந்த மனுஷப் பல்லு வரைக்கும் எவ்வளவு தூரம்னு மேல சொன்னேன்ல. சொத்தைப் பல்லுல ட்ரயல் பண்ணவங்க யாராச்சும் இருந்தா, பேஷன்ட்ஸ ஃபாலோ அப்புக்கு எப்படி திரும்ப வர வச்சீங்கன்னு எழுதுங்க, போன் பண்றதா, பஸ் காசு குடுக்கிறதா, எது வேலைக்கு ஆச்சு?