அப்பாவுக்கு டிஎம்டி (ட்ரெட்மில் பெல்ட் மேல நடக்க வச்சு ஈசிஜி பாக்கற டெஸ்ட்) சொல்லிருக்காங்க, முட்டி வலியோட முடியுமா?

சேலத்துப்பையன்:
அப்பாவுக்கு 61. முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு, பீடிய ரெண்டு வருஷம் முன்னாடிதான் விட்டாரு. இப்ப மாடி ஏறினா பாதிப் படியிலயே கைப்பிடிய புடிச்சிட்டு நின்னுடறாரு, கேட்டா "ஒண்ணுமில்லடா வெயிலு"ங்கறாரு, ராத்திரி எட்டு மணிக்கு என்ன வெயிலு. ஈசிஜி, எக்கோ ரெண்டும் நார்மல். ஹார்ட் டாக்டர் டிஎம்டி எடுங்கன்னாரு, நுரையீரல் டாக்டர் சிபெட்னு ஒண்ணு சொல்றாரு, மாஸ்க் மாட்டி பண்ணுவாங்களாம். ரெண்டும் மூச்சு வாங்க வைக்கிறதுதானே, எதுக்கு ரெண்டு? அவருக்கு முட்டி வேற தேஞ்சிருக்கு. பிபிக்கு மெட்டோப்ரோலால் போடறாரு. மிஷின் மேலயே அட்டாக் வந்துரும்னு பக்கத்து வீட்டுக்காரர் வேற கிளப்பி விட்டுட்டாரு.

தேனிக்காரன்:
தம்பி நான் போன வருஷம் டிஎம்டி எடுத்தேன். நெஞ்சுல முடிய வழிச்சு, தோல சுரசுரன்னு தேச்சு, பத்து ஸ்டிக்கர் ஒட்டி, வயரெல்லாம் ஆடாம இருக்க ஒரு வலை பனியன் மாட்டுனாங்க. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஸ்பீடும் ஏத்தமும் கூடும். முதல்ல 2.7 கிலோமீட்டர் ஸ்பீடுதான், ஆனா 10 சதவீதம் ஏத்தம், அப்புறம் 4, அப்புறம் 5.5. மூணாவது ரவுண்டுல நான் கம்பிய புடிச்சு தொங்கிட்டேன், "சார் இறுக்கி புடிக்காதீங்க, உங்க தெம்ப அதிகமா காட்டும்"னு அந்தப் பொண்ணு சத்தம் போட்டுச்சு. வயிறு முட்ட சாப்பிட்டு போகாதீங்க, காபியும் வேணாம்.

லேப்வாசி:
நான் இந்த டெஸ்ட் எடுக்கற டெக்னீஷியன். 220ல அப்பா வயச கழிச்சா 159, அதான் அவருக்கு நிமிஷத்துக்கு உச்சத் துடிப்புன்னு ஒரு கணக்கு, அதுல 85 சதவீதம் 135. அந்தத் துடிப்பையாவது தொட்டாதான் ரிப்போர்ட்ட நம்பி ஏதாவது சொல்ல முடியும். மெட்டோப்ரோலால் துடிப்ப ஏற விடாது, அப்பா மூச்சு வாங்கி நின்னாலும் 110லயே நிக்கும், ரிப்போர்ட்ல "முடிவா சொல்ல முடியல"ன்னு வரும், காசு தண்டம். அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்துனா நெஞ்சுவலியே வரலாம். நிறுத்தணுமா, எத்தன நாள் முன்னாடின்னு டாக்டர்ட்ட கேளுங்க.

அட்டாக் பத்தி, ஓடும்போதே ஈசிஜி ஓடிட்டிருக்கும், பிபி பாத்துட்டே இருப்போம், ஷாக் குடுக்கற மிஷின் பக்கத்துலயே இருக்கும். நெஞ்சுவலி வந்தாலோ பிபி இறங்கினாலோ நிறுத்திடுவோம். ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன், ரொம்ப அரிது. சும்மா உக்காந்திருக்கும்போதே வலி வர்றவங்கள நாங்க மிஷின்ல ஏத்தவே மாட்டோம். பாசிட்டிவ்னு வந்தா அடைப்புன்னு அலறாதீங்க, ஆஞ்சியோல ஒண்ணுமில்லாம போனவங்க, அதுவும் பொம்பளைங்க, நிறைய.

மூச்சுக்காத்து:
முக்கியமான கேள்விக்கு யாருமே வரலையே. டிஎம்டி, உழைக்கும்போது இதயத்துக்கு ரத்தம் பத்தாம போகுதான்னு பாக்கும். மூச்சு ஏன் வாங்குதுன்னு அது சொல்லாது. அத்தைக்கு சிபெட் பண்ணினப்ப கூட இருந்தேன். பெரும்பாலும் சைக்கிள்தான், நிமிஷத்துக்கு நிமிஷம் மிதி கனமாகும், பத்து நிமிஷம் போல. மாஸ்க் வழியா எவ்வளவு ஆக்ஸிஜன் இழுக்கறாங்க, எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு விடறாங்கன்னு ஒவ்வொரு மூச்சுக்கும் அளக்கும். கடைசில நுரையீரல்ல இன்னும் மூச்சு மிச்சம் இருந்தா தகராறு இதயம், இல்ல உடம்புல தெம்பு இல்லாதது, இந்தப் பக்கம். மிச்சமே இல்லாம போனா நுரையீரல். அத்தைக்கு ஆறு மாசம் ஹார்ட் மாத்திரை போட்டு, கடைசில பாத்தா நுரையீரல். உங்கப்பா பீடி வேற, எனக்கென்னவோ ரெண்டு டாக்டரும் சொன்னது சரிதான்னு தோணுது, ரெண்டு பேர் கேக்கறதும் வேற வேற கேள்வி.

லேப்வாசி:
சைக்கிள்னா முட்டி கொஞ்சம் தாங்கும். அதுவும் முடியலன்னா ஊசி மருந்துலயே துடிப்ப ஏத்தி எக்கோ பாக்கறது இருக்கு, டோபுடமின்னு கேட்டுப் பாருங்க. ஆனா அது இதயத்துக்கு மட்டும்தான்.

சேலத்துப்பையன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நாளைக்கு மாத்திரை சீட்டோட ஹார்ட் டாக்டர்ட்ட போறேன். அப்பா லுங்கியோட வரலாமான்னு கேக்கறாரு.

தேனிக்காரன்:
பெல்ட்ல மாட்டுச்சுன்னா அப்புறம் ஹார்ட் டாக்டர விட்டுட்டு எலும்பு டாக்டர்ட்டதான் போகணும். ஒரு டிராக் பேண்ட் வாங்கிக் குடு தம்பி.